நாலும் சரி

சலவைக்கடையின் நீராவிக்குள் மாலை வெயில் புகுந்து, இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. கடைக்கார அக்கா படிக்கும் ஆங்கில வகுப்பின் டீச்சர், துணி வாங்க வந்த இடத்தில், இஸ்திரி மேசைமேல் குனிந்து அவளுடைய நோட்டைத் திருத்துகிறாள். ‘பிக் அப்’ என்பதற்குப் பொருள் நான்கு. பொருளுக்கு ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாள் அக்கா. கீழே விழுந்த பொத்தானைப் பொறுக்குகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்குட்டியை அழைத்து வருகிறேன். கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் என் மூத்த மகன் போனை எடுக்கிறான். “வீட்ல நடக்கறதையே எழுதச் சொன்னேன், அப்படியே எழுதியிருக்கீங்க. நாலும் சரிக்கா.” நான்கு சிவப்பு டிக்குகள் விழுகின்றன. “சரிங்க டீச்சர்” என்கிறாள் அக்கா, காலரை மடித்தபடி. டீச்சர் போனதும், ஈரத்தில் சுருண்ட பக்கத்தைக் கைப்பழக்கத்தில் நீவி, அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டுகிறாள். கடைக்குட்டியிடம் இரவல் வாங்கிய பேனாவின் மை, சூடு பட்டால் மறைகிற ரகம். பொத்தானும் பள்ளிக்கூடமும் மகனும் ஒரு மூச்சில் கரைந்துபோக, வெள்ளைத்தாளில் டிக்குகள் மட்டும் சிவந்து நிற்கின்றன. நான்காவது டிக்கின் மேல் போனை வைத்து, மகனின் எண்ணைத் தட்டுகிறாள். நீராவி ஏறுகிறது. ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.