ஐந்தாவது உதை

மெல்பேர்ண் கழகத்தின் இளங்கீரன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போனான்.

கோல் கம்பங்களுக்கு நடுவே சிறிதரன் நின்றார். வயது நாற்பத்தேழு. உள்ளூர்க் கழகமான கிரவீனின் கோல் காப்பாளரும் அவர்தான், செயலாளரும் அவர்தான். காலையில் வந்து ஒலிவாங்கி பூட்டியவரும் அவரேதான்.

சமநிலை தவிர்ப்பு உதைகளில் இது கடைசி. தடுத்தால் கிண்ணம் கிரவீனுக்கு. விட்டால் சமநிலை. சமநிலை என்றால் கிண்ணம் விருந்தினருக்கு என்று குழு முன்பே தீர்மானித்திருந்தது, ஏனென்றால் மெல்பேர்ண்காரருக்கு ஏழு மணிக்கு விமானம்.

கிண்ணம் மைதான ஓரத்து மேசையில் மஞ்சள் பட்டுத்துணியால் மூடப்பட்டிருந்தது. சிறிதரனின் கண் பந்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தது.

வென்ற கழகத்தின் பெயர் அதில் ஏற்கெனவே பொறிக்கப்பட்டுவிட்டது. அது அவருக்கும் பெயர் வெட்டிக் கொடுத்த மெரிலேண்ட்ஸ் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருடம், இந்தப் போட்டி தொடங்கிய முதல் வருடம், கிண்ணத்தைப் பெயரில்லாமல் கொடுத்தார்கள். ஆண்டு மலரில் வந்த படத்தில் அது மொட்டையாகப் பளபளத்தது. "கண்டத்துக்கே கிண்ணம் எண்டு சொல்லிப்போட்டு, ஒரு பேர் வெட்ட வக்கில்லையே?" என்று கழகத் தலைவர் கோபாலகிருஷ்ணன் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

சிறிதரன் அதை மறக்கவில்லை. இறுதிப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஆகவே வெள்ளிக்கிழமையே போனார். இரண்டு கழகங்களின் ஆட்டத்தையும் ஆற அமர எண்ணிப் பார்த்து, புத்தியுள்ள எவரும் எழுதியிருக்கக்கூடிய பெயரை எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் நிச்சயம்தானா என்று இரண்டு தரம் கேட்டார். சிறிதரனுக்குச் சிரிப்பு வந்தது.

கண்டம் என்று சொன்னாலும் கழகங்கள் நான்குதான். போன மாத அரையிறுதியில் மெல்பேர்ண் பேர்த் கழகத்துக்கு ஒன்பது கோல் போட்டது. கிரவீனோடு மோதவேண்டிய பிரிஸ்பேன் அணித்தலைவரின் மகள் பெரியபிள்ளையானதற்கு அதே நாளில் சாமத்திய வீடு. பதினொரு பேரும் பட்டுவேட்டியோடு மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளித்தார்கள். கிரவீன் ஒரு பந்தும் உதைக்காமல் இறுதிப் போட்டிக்கு வந்தது.

இறுதிப் போட்டியில் இரு பக்கமும் கோல் இல்லை. அதற்குக் கிரவீனின் ஆட்டத்தைக் காரணம் சொன்னால் கிரவீன்காரரே நம்பமாட்டார்கள். வந்தவர்களைப் பட்டினி போடக்கூடாது என்று அன்ரிமார் பதினொரு மணிக்கே கொத்து ரொட்டி கொடுத்துவிட்டார்கள். போதும் என்றவர்களுக்கு இன்னொரு கரண்டி வைத்தார்கள். மெல்பேர்ண்காரர் தொண்ணூறு நிமிடமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது சிறிதரனின் மானம் இந்த ஒரு உதையில் நின்றது. பெயர் மாறிப்போனால் அடுத்த வெள்ளி மேய்ஸ் ஹில் கோயிலுக்கு எந்த முகத்தோடு போவது?

உதடு அசைய வேண்டினார். முருகா, இதை மட்டும் நான் நினைத்தபடி நடத்திவிடு. நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்.

"அண்ணை, உங்கட வலப்பக்கம்! அவன் எப்பவும் அந்தப் பக்கந்தான் அடிப்பான்!"

நடுவட்டத்திலிருந்து கிரவீன் அணித்தலைவன் அனோஜன் கத்தினான்.

வெள்ளைக்காரக் கழகங்களோடு விளையாடும்போது தமிழில் கத்தியே பழகிவிட்டார்கள். இன்றைக்கு எதிரில் நிற்பவனுக்கும் தமிழ் தெரியும் என்பது அனோஜனுக்கு வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டான்.

இளங்கீரன் சிரித்தான்.

சிறிதரன், கேட்டது என்பதுபோல் தலையாட்டினார்.

இளங்கீரன் ஓடி வந்து உதைத்தான். சிறிதரன் இடப்பக்கம் பாய்ந்தார். பந்தும் இடப்பக்கமே வந்தது. அவருடைய நெஞ்சில் பட்டு, ஒரு கணம் மூச்சை நிறுத்தி, கம்பத்துக்கு வெளியே உருண்டு போனது.

பத்துப் பேரும் அவர்மேல் விழுந்தார்கள். அவன் மாற்றி அடிப்பான் என்று அந்த ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டாரே, என்ன மூளை என்றார்கள். மனைவி யோகா கொத்து ரொட்டிக் கரண்டியோடு ஓடிவந்தாள். யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள்.

சிறிதரனை இதுவரை யாரும் எதற்காகவும் தூக்கியதில்லை. மேலே இருந்து பார்த்தபோது மைதானம், மரங்கள், மனிதர்கள் எல்லாமே அழகாக இருந்தன. அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மஞ்சள் பட்டுத்துணி கண்ணில் படும்வரை இருந்தது.

பிறகு அவர் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து யோகாவும் அழுதாள்.

இறக்கிவிடச் சொல்லி அவர் கெஞ்சியது ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தோளில் வைத்தபடியே மேசைக்குக் கொண்டுபோனார்கள். கோபாலகிருஷ்ணன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். துணியை உருவினார். கிண்ணத்தில் பெயர் வெட்டியிருப்பதைக் கண்டு செயலாளரைப் பார்த்துப் பெருமையோடு தலையசைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்க வாசித்தார்.

"இரண்டாவது அகில அவுஸ்திரேலியத் தமிழ்க் கழகங்களின் கண்டக் கிண்ணம். வெற்றி பெற்ற கழகம், மெல்பேர்ண்."

மெல்பேர்ண் பக்கத்தில் ஒருவர் பழக்கதோஷத்தில் கை தட்டினார். பிறகு அவரும் நிறுத்தினார்.

தூக்கிய தோள்கள் ஒவ்வொன்றாக விலகின. சிறிதரனின் கால் புல்லைத் தொட்டது.

அனோஜன் கிண்ணத்தைப் பார்த்தான். திரும்பிக் கோல் கம்பத்தைப் பார்த்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அண்ணை," என்றான் மெதுவாக, "நான் வலப்பக்கம் எண்டெல்லோ கத்தினனான். நீங்கள் ஏன் மற்றப் பக்கம் பாய்ஞ்சனீங்கள்?"