கடிபடாத கைகள்

தகரக் கொட்டகைக்குள் சாய்வாக விழுந்த மாலை வெயிலில் தராசுத் தட்டு பளபளக்கிறது. காட்டுப் பழம் பறித்து வந்தவர்கள் மூட்டைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். நிற்பதென்ன, நெளிகிறார்கள். கழுத்து, முழங்கை, இடுப்பு என்று ஆளாளுக்குச் சொறிகிற சத்தம் சருகின்மேல் நடப்பது போலக் கேட்கிறது. அந்த மரங்களின் செவ்வெறும்பு அப்படி; ஏறியவனைச் சும்மா இறங்கவிடாது. மழை பொய்த்துப் பயிர் கருகிய போன வருஷம் ஊருக்கே சோறு போட்டவை அந்த மரங்கள்தான். அதனால் மரத்தில் ஏறி, பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், கிளையை அறுக்கவே கூடாது என்று சங்கத்தில் எல்லோரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எடை போடுகிறவள் தன் கொழுந்தனின் மூட்டையை அவிழ்க்கிறாள். மேலே கனிந்த பழம். கையை அடிவரை விட்டுத் துழாவுகிறாள். விரலில் பிசுபிசுவென்று பால் ஒட்டுகிறது. பச்சைக் காய். கீழே நின்று தொரட்டியால் கிளையை அறுத்தால்தான் காயும் பழமும் இப்படி ஒன்றாக வரும். "என்ன அண்ணி, திருடனைப் பிடிச்ச மாதிரி தடவுறீங்க? ரெண்டு காய் தவறி விழுந்திருக்கும்." அவன் சிரிப்பில் பல் மட்டும்தான் இருக்கிறது. அவள் காயை விட்டுவிட்டு, மடித்த சட்டைக்குக் கீழே வழவழவென்றிருக்கும் அவன் கைகளைப் பார்க்கிறாள். ஒரு தடிப்புக்கூட இல்லை. "எறும்பு உங்களை ஒண்ணும் பண்ணலையா தம்பி?" "பண்ணாம? பிச்சுப் பிடுங்கிடுச்சு" என்றபடி, அப்போதுதான் ஞாபகம் வந்தவன்போல முழங்கையைச் சொறிகிறான். வரிசையில் ஒவ்வொரு கையாக நின்றுபோகிறது. கொட்டகைக்குள் இப்போது ஒருவன் சொறிகிற சத்தம் மட்டும் கேட்கிறது.