முன்வாசல் ஜமீன்தார்

ஆனைக்குளம் ஜமீன் மாளிகை கலைக்கூடமாகிப் பல வருடங்கள் ஆகியும், ஜமீன்தார் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. என்றோ செத்துப்போனவரைப் பேசும் ஒளியுருவமாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்களின் முகத்தை வைத்தே வம்சத்தைக் கண்டுபிடித்து, அந்த வம்சத்தாரை அந்தக் காலத்தில் எப்படி நடத்தினாரோ அப்படியே நடத்துவார். பார்க்க வருகிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

கலைக்கூடத்தின் புது இயக்குநராகப் பொறுப்பேற்க வந்த அறிவுச்செல்வி, படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

ஜமீன்தார் முகத்தைச் சுளித்தார். "தொழுவம் கூட்டுற மாடசாமி வம்சந்தானே நீ? பின்வாசல் வழியா வா!"

மாடசாமி அவளுடைய கொள்ளுத்தாத்தா. மாலையோடு காத்திருந்த மேலாளர் தியாகு பதறிப்போய் சுவிட்சுக்கு ஓடினார்.

"மன்னிச்சிருங்க மேடம், இப்பவே அணைச்சிர்றேன்."

"கைய எடுங்க சார். அணைச்சா, அவரு இல்லாத நேரமாப் பாத்து நுழைஞ்ச மாதிரி ஆயிரும்."

அறிவுச்செல்வி கீழே இறங்கி, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். நேராக ஏறி வந்தாள்.

"நில்லுடி!"

அவள் அவருடைய நெஞ்சுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, கூடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கும் இப்படித்தான் வருவேன். தொண்டத் தண்ணி வத்துற வரைக்கும் கத்துங்கய்யா."