வேப்பங்கன்றுக்கு முள்வேலி

அந்தப் பொட்டலில் ஒரே ஒரு வேப்பங்கன்றுதான் மிச்சம் இருந்தது. அதன் துளி நிழலில் அணில் தன் மூன்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நிழலையெல்லாம் அழிச்சது நீதான் யானையண்ணே. எத்தனை மரத்தை முறிச்சுத் தின்னே!" என்றது ஆடு.

"அது அப்போ. இப்போ முளைக்கிறதையெல்லாம் மேயறது உன் கூட்டம்தானே?" என்றது யானை.

"நாங்க இப்பதான் வயிறாரச் சாப்பிடுறோம். அது உனக்குப் பொறுக்கலையா?"

"இந்தக் கன்னும் போச்சுன்னா என் பிள்ளைங்க வெயில்ல வெந்துடும்," என்றது அணில். மெல்லத்தான் சொன்னது.

யானைக்கு வெட்கமாகிவிட்டது. "அதிகம் தின்னவன் நான்தான். முதல்ல நானே செய்யறேன்," என்று முள்ளை இழுத்துவந்து கன்றைச் சுற்றி வேலி போட்டது. தும்பிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது.

ஆடு வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் நின்று மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தது. அணில் குட்டிகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது.

"போண்ணே, உனக்கு வேலி கட்டவே தெரியலை," என்றது ஆடு. "இந்த இடுக்கு வழியா என் குட்டி சுலபமா நுழைஞ்சிடும். இன்னும் கொஞ்சம் முள்ளு கொண்டா, நான் காட்டுறேன்."