திரும்பி வராத பைகள்

"லொறி இண்டைக்குப் பின்னேரம் வருகுது. சொப்பிங் பை ரெண்டு கட்டு இறக்கச் சொல்லட்டோ?"

காலையிலிருந்து அஸ்வர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஸுல்பாவுக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது.

"சனத்தை நம்பித் துணிப்பை தைச்சுக் குடுத்தாய். இப்ப ஒண்டாவது திரும்பி வருகுதோ? எல்லாம் கள்ளர்."

"கள்ளர் எண்டு சொல்லாதேங்கோ."

"அப்ப வேறை என்னெண்டு சொல்லுறது? பையும் இல்லை, பையைக் கொண்டு போன சனமும் இல்லை. எல்லாம் சந்திக் கடையிலை போய் நிக்குது."

அவன் சொன்னதில் பொய் இல்லை. புதுக்குடியிருப்பில் அவர்களுடையது சின்னப் பலசரக்குக் கடை. ஆசையாய் வளர்த்த பசு போன வருசம் வயிறு ஊதிச் செத்துப்போனது. கீறிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொலித்தீன் சொப்பிங் பைகள். பாதிக்கு மேல் அவர்கள் கடையில் கொடுக்கிற அதே நீலப் பைகள். அன்றோடு ஸுல்பா அதை நிறுத்தினாள். பழைய சீலைகளை வெட்டி, முதுகு முறிய இருந்து துணிப்பை தைத்தாள். சாமானோடு பையையும் கொடுப்பாள். அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொண்டுவந்தால் சரி.

தொடக்கத்தில் கடை கலகலவென்று இருந்தது. சனம் தங்கள் தோட்டத்து முருங்கைக்காயையும் தேசிக்காயையும் உள்ளே போட்டுத்தான் பையைத் திருப்பித் தந்தது. ஸுல்பாவும் ஆளுக்கொரு பகிடி விட்டுக்கொண்டு வாங்கி வைத்தாள். ஒருநாள் விமலேஸ்வரி பையை மட்டும் நீட்ட, "என்னக்கா, பைக்குள்ளை காத்தோ கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டு, நின்ற சனம் முழுவதையும் சிரிக்க வைத்தாள். பிறகு கார்த்திகை வெள்ளம் வந்தது. தை பிறந்தும் ஒரு பை திரும்பவில்லை. கடை ஈயாடிக் கிடந்தது.

"கௌசலாவிட்டை ஒருக்கால் கேட்டுப் பாக்கிறன்," என்று ஸுல்பா எழுந்தாள். "அவளும் கையை விரிச்சா, உங்கடை விருப்பம். பையை இறக்குங்கோ."

கௌசலாவின் வீடு பின் ஒழுங்கையில் இருந்தது. அடிக்கடி கடைக்கு வந்து கதை அளந்துவிட்டுப் போகிறவள், இப்போது ஸுல்பாவைக் கண்டாலே சைக்கிளை மற்றக் கரைக்கு வெட்டிவிடுகிறாள். இன்றைக்குப் படலையில் அவளைக் கண்டதும் கௌசலாவின் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் கிடந்த சந்திக் கடைச் சொப்பிங் பையைக் காலால் கதிரைக்குக் கீழே தள்ளினாள்.

"வாங்கோ அக்கா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம். நான் ஏதும் பிழை விட்டனானோ? ஏன் கடைப்பக்கமே வாறேல்லை?"

"அப்பிடியொண்டும் இல்லையக்கா. நாளைக்கு வாறன்."

"பை வேணுமெண்டா நீயே வைச்சிரு, பிள்ளை. அதுக்காக ஒளிச்சுத் திரியாதை. நான் இண்டைக்குச் சொப்பிங் பை இறக்கப் போறன். இனி என்னாலை ஏலாது."

சொல்லும்போதே அவளுக்குச் செத்த பசுதான் நினைவுக்கு வந்தது.

கௌசலா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தத் துணிப்பை இருந்தது, தோய்த்து மடித்தபடி.

"ஒருத்தரும் இதைப் பாவிக்கிறேல்லை அக்கா. இந்த ஒழுங்கையிலை எல்லா வீட்டிலையும் உங்கடை பை இப்பிடித்தான் கிடக்கு."

"அப்ப ஏன் கொண்டந்து தாறேல்லை?"

கௌசலா வளவுப் பக்கம் பார்த்தாள். கத்தரியும் மிளகாயும் நின்ற இடத்தில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல்தான் கிடந்தது.

ஸுல்பாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"லொறி வந்து நிக்குது," என்றான் அஸ்வர். "என்னவாம் கள்ளர்? இறக்கட்டோ?"

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். பிறகு கௌசலாவைப் பார்த்தாள். "சொல்லு பிள்ளை."

"உள்ளுக்கு வைச்சுத் தாறதுக்கு எங்களிட்டை ஒரு கத்தரிக்காய்கூட இல்லையக்கா." கௌசலா பையின் மடிப்பை நீவினாள். "வெறும் பையோடை வந்து, விமலேஸ்வரி அக்கா மாதிரி எல்லாருக்கும் முன்னாலை நிக்க ஏலாது."

ஸுல்பா போனில் சொன்னாள்: "ஒண்டும் இறக்க வேண்டாம். இஞ்சை கள்ளர் ஒருத்தரும் இல்லை. எல்லாத்துக்கும் காரணம் என்ரை வாய்தான்."