தலையணைக்கு இடமில்லை

“ரெண்டு தலகாணிக்கெல்லாம் எடம் இல்லம்மா, சொன்னா கேளு.”

ஜீப்பின் பின்பக்கம் நின்று மாயா கத்தியதில் அந்தத் திருவொற்றியூர் தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

“அடுப்பு, கயிறு, ஜாக்கி எல்லாம் ட்ராயர்ல பூந்துடுச்சி. துணிய உறைக்குள்ள திணிச்சிக்கினா அதான் தலகாணி.”

“அந்தாளு சட்ட மேல தல வெச்சி தூங்கறதா? தெரு இன்னா பேசும்? இந்த டூரே வாணாம்,” என்றாள் அம்மா பூவம்மா.

தெரு ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக் லட்சுமணன் ஒரு மாதமாக அந்த ஜீப்பின் பின்னால் சாமான் வைக்கப் பலகையில் ட்ராயர் அடித்தது சும்மாவா? எதிர்வீட்டுச் செங்கொடி பொறுக்காமல் இறங்கி வந்தாள்.

“இன்னா மாயா, அம்பது வயசு ஆளோட காட்டுக்குப் போறியே, நாயமா கீதா?”

“நானா? எனக்கு நாளைக்கு ஆபீஸ் கீதுக்கா,” என்ற மாயா சாவியை அம்மாவிடம் நீட்டினாள். “காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திகினது இவங்க ரெண்டு பேருந்தான். கொல்லிமலை வளைவுல பாத்து ஓட்டும்மா.”

கணவர் போனபின் பள்ளி வேன் ஓட்டி மகளை ஆளாக்கிய பூவம்மா, வெட்கத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சட்டை அடைத்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு லட்சுமணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திரும்பியதும் இருவரும் மணலி புதுநகருக்குக் குடிபோனார்கள். கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் லாரியில் ஏறின. தலையணை இரண்டையும் மட்டும் பூவம்மா மாயாவிடமே விட்டுவிட்டு, சட்டை அடைத்த உறையோடு போனாள்.