கடைமடை வீடு

வேதவல்லி குழாயைத் திறந்தாள். தண்ணீர் முழு வேகத்தில் கொட்டியது. மூன்று நாளாக இப்படித்தான்.

தலைமடையில் ஒரு வீட்டையும் கடைமடையில் ஒரு வீட்டையும் நீர்க்குழு ஒரே பங்கில் இணைத்திருந்தது. தலைமடையில் குழாயைத் திறந்தால் இங்கே கடைமடையில், வேதவல்லி வீட்டில், பாதியாகிவிடும். எந்த வீட்டோடு எந்த வீடு என்று யாருக்கும் சொல்வதில்லை, சண்டை வருமாம். ஆனாலும் அந்த வீட்டில் எப்போது சமையல், எப்போது துவையல் என்பதெல்லாம் வேதவல்லிக்கு அத்துப்படி.

“துணி அலச ஆரம்பிச்சுட்டா மகராசின்னு தினம் திட்டுவே. இப்பத்தான் முழுசா வருதே, சந்தோஷமாப் பிடிச்சுக்க” என்றார் கணவர் தணிகாசலம்.

“அவங்க மூணு நாளா ஒரு சொம்புத் தண்ணிகூடப் பிடிக்கலைங்க. அந்த வீட்டுல என்ன ஆச்சோ.”

குழு அலுவலகத்துக்கே போய்விட்டாள். செயலாளர் அமலி கையை விரித்தாள்.

“பேரு சொல்லக் கூடாதுக்கா.”

“பேரு யாருக்கு வேணும்? நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு, தாயி.”

அமலி உள்ளே போய்ப் போனில் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்காங்களாம். பொம்பளைப் புள்ளை. நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவாங்க.”

மறுநாள் வேதவல்லி முகத்துக்குச் சோப்புப் போட்டிருந்தபோது குழாயில் தண்ணீர் மெலிந்தது. கண் எரிந்தது. தடவித் தடவிக் குழாயை இறுக மூடினாள்.

“என்னடி, தண்ணி நின்னுபோச்சா?” என்று வெளியிலிருந்து கேட்டார் தணிகாசலம்.

“நான்தான் மூடினேன். பிள்ளையைக் குளிப்பாட்டுறாங்க. முழுசாப் போகட்டும்.”